பங்கு போட்டுச் செய்த செயற்கைக்கோள்



2019 செப்டம்பர் மாதம் ஞாபகம் இருக்கிறதா? நம் நாட்டில் புகைமூட்டம் சூழ்ந்து பல இடங்களில் பள்ளிகளை மூடினார்கள். காலையில் எழுந்ததும் கைப்பேசியை எடுத்து, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு எவ்வளவு என்று பார்ப்பதே ஒரு வேலையாகப் போனது. "எங்கே எரியுது?" என்று கேட்டால், செய்தியில் சுமத்ரா, கலிமந்தான் வரைபடத்தைக் காட்டினார்கள். அதில் நிறையப் புள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு புள்ளியும் நெருப்பு எரிவதாகச் சந்தேகிக்கப்படும் ஓர் இடம்.

அந்தப் புள்ளிகளைப் பார்த்தது யார்? சிங்கப்பூரில் இயங்கும் ஆசியான் வானிலை மையம் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து அவற்றை வெளியிடுகிறது. ஆனால் அதற்குப் பயன்படும் முக்கியமான செயற்கைக்கோள்கள் அமெரிக்காவுடையவை. அதாவது, நம்ம வீட்டுப் பக்கத்தில் எரியும் நெருப்பை இன்னொருவர் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் தருகிறார்கள், நாம் பயன்படுத்துகிறோம். இருந்தாலும் ஒரு கேள்வி வரத்தான் செய்யும். நாளைக்கு அவங்க தரலைன்னா? பணக்கார நாடாக இல்லாத ஒரு நாடு, தனக்கென்று ஒரு கண்ணை வானத்தில் வைக்க முடியுமா?

உலகின் மறுபக்கத்தில் ஒரு நாடு இந்தக் கேள்வியை நமக்கு முன்பே கேட்டது. அந்த நாடு பிரேசில். அது தேடிக்கொண்ட பதிலைத்தான் இம்மாதப் பாடமாகப் படிக்கப் போகிறோம். ராக்கெட்டைப் பற்றியும் கேமராவைப் பற்றியும் இதில் வரும். ஆனால் பாடத்தின் மையம் அதுவல்ல. கூட்டுச் சேர்ந்து ஒரு வேலை செய்வது என்றால் என்ன என்பதுதான் மையம்.

1. காடு நம்முடையது, கண் யாருடையது?

அமேசான் காடு எவ்வளவு பெரிது என்று முதலில் புரிந்துகொள்வோம். பிரேசில் அரசு அமேசான் வட்டாரம் என்று வரையறுத்திருக்கும் பகுதி மட்டும் ஏறத்தாழ 50 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் மலேசியா சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர். பதினைந்து மலேசியாவை அதற்குள் வைத்துவிடலாம்.

1970-களில் அந்தக் காட்டுக்குள் நெடுஞ்சாலைகள் போட ஆரம்பித்தார்கள். சாலை போன இடமெல்லாம் மரம் வெட்டுபவர்களும் மாடு வளர்ப்பவர்களும் போனார்கள். எங்கே எவ்வளவு காடு அழிகிறது என்று ஆள் அனுப்பிப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. ஆறு வழியாகப் போய்ச் சேரவே பல நாள் ஆகும் இடங்கள் அங்கே உண்டு. மேலிருந்து பார்த்தால்தான் முடியும்.

அமெரிக்கா 1972-இல் லேண்ட்சாட் என்ற செயற்கைக்கோளை ஏவியது. பூமியின் நிலத்தைப் படம் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்டது அது. அதன் படங்களை நேரடியாக வாங்கும் நிலையத்தைப் பிரேசில் 1973-லேயே குயாபா நகரில் அமைத்துவிட்டது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் அடுத்து அப்படிச் செய்த நாடு அதுதான். நாட்டின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பேயில் படங்களைப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறையே உருவானது.

ஆனால் அந்தச் செயற்கைக்கோள் அவர்களுடையது இல்லையே. எந்தக் கேமரா பொருத்துவது, எப்போது அடுத்ததை ஏவுவது, படத்துக்கு என்ன விலை வைப்பது என்று எல்லாவற்றையும் உரிமையாளர்தான் தீர்மானிப்பார். காடு என்னுடையது, ஆனால் அதைப் பார்க்கும் கண் என்னுடையது இல்லை. பிரேசில் நின்ற இடம் இதுதான்.

2. ஆளுக்கொரு குறை, ஆளுக்கொரு பலம்

சீனாவின் நிலைமை வேறு மாதிரி. 1970-லேயே சொந்த ராக்கெட்டில் சொந்தச் செயற்கைக்கோளை ஏவிய நாடு அது. ஏவுவதில் குறையில்லை. ஆனால் நிலத்தைத் தொடர்ந்து படம் பிடித்து, அந்தப் படங்களை உடனுக்குடன் தரைக்கு அனுப்பும் செயற்கைக்கோள் அதனிடம் அப்போது இல்லை. அந்தத் துறையில் அதிக அனுபவம் உள்ள நாடுகள் கதவைத் திறந்து கற்றுக்கொடுக்கத் தயாராகவும் இல்லை.

பிரேசிலிடம் ராக்கெட் இல்லை. ஆனால் நிலப் படங்களைப் பயன்படுத்திய அனுபவம் பதினைந்து ஆண்டுக்கு இருந்தது.

1988 ஜூலை 6-ஆம் தேதி, பிரேசில் அதிபர் ஜோசே சார்னே சீனா சென்றிருந்தபோது, பெய்ஜிங்கில் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இருவரும் சேர்ந்து பூமியைப் படம் பிடிக்கும் செயற்கைக்கோள்களைச் செய்வது என்பது ஒப்பந்தம். அந்தத் திட்டத்தைச் சுருக்கமாக சிபர்ஸ் என்கிறார்கள்.

செலவை எப்படிப் பிரித்தார்கள் என்று கவனியுங்கள். முதல் இரண்டு செயற்கைக்கோள்களுக்குமான மொத்தச் செலவு 30 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். அதில் சீனாவின் பங்கு 70 விழுக்காடு, பிரேசிலின் பங்கு 30 விழுக்காடு. வேலையும் அதே கணக்கில் பிரிந்தது.

நம் கோயில் அன்னதானத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் அரிசி மூட்டை கொடுப்பார். ஒருவர் காய்கறி வாங்கித் தருவார். இன்னொரு குடும்பம் விடியற்காலையிலேயே வந்து வெங்காயம் உரிக்கும். யாரும் முழுச் செலவையும் தூக்குவதில்லை. ஆனால் பந்தி போடும்போது எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. சிபர்ஸும் அப்படித்தான். பிரேசில் பணத்தை மட்டும் கட்டிவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை. செயற்கைக்கோளின் உடற்கட்டமைப்பு, மின்சாரம் தரும் பகுதி, பரந்த நிலப்பரப்பைப் பார்க்கும் கேமரா ஆகியவற்றைத் தன் பங்குக்குச் செய்தது.

பணம் கட்டிப் பொருளை வாங்கினால் பொருள்தான் கிடைக்கும். உள்ளே கைவைத்துச் செய்தால்தான் வித்தை கிடைக்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், பின்னால் மறுபடியும் வரும்.

3. அது எப்படிப் பார்க்கிறது?

பிரேசிலில் பணவீக்கம் தலைவிரித்தாடிய காலம் அது. பணத் தட்டுப்பாட்டால் வேலை பல ஆண்டுகள் தள்ளிப்போனது. ஒருவழியாக 1999 அக்டோபர் 14-ஆம் தேதி, சீனாவின் தையுவான் ஏவுதளத்திலிருந்து லாங் மார்ச் 4பி ராக்கெட்டில் சிபர்ஸ்-1 மேலே போனது. எடை சுமார் 1,450 கிலோ.

அது சுற்றிய உயரம் 778 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பி வரும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வடதுருவத்துக்கும் தென்துருவத்துக்கும் இடையே அது சுற்றிக்கொண்டிருக்க, கீழே பூமி தன்பாட்டுக்கு உருளும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் வேறொரு துண்டு நிலம் கேமராவுக்குக் கீழே வரும். இப்படி 26 நாளில் முழு பூமியையும் படம் பிடித்துவிடும்.

அதன் முக்கியமான கேமராவில் ஒரு புள்ளி என்பது தரையில் 20 மீட்டருக்கு 20 மீட்டர். அந்த இடத்தில் ஏறக்குறைய ஐந்து பூப்பந்து மைதானம் போடலாம். ஆள் முகமெல்லாம் தெரியாது. ஆனால் நேற்றுவரை காடாக இருந்த இடத்தில் இன்று ஒரு வெட்டவெளி இருந்தால் நன்றாகவே தெரியும்.

இன்னொரு விஷயம். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அந்தக் கேமரா பதிவு செய்யும். பச்சை இலை அகச்சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும், வெறும் மண் அவ்வளவாக அனுப்பாது. அதனால் அகச்சிவப்பைச் சிவப்பு நிறமாகக் காட்டி ஒரு படம் தயாரித்தால், அடர்ந்த காடு முழுவதும் செக்கச்செவேலென்று இருக்கும். வெட்டிய இடம் மட்டும் வெளிறித் தெரியும். இயற்பியல் பாடத்தில் ஒளி அலைநீளம் படிக்கும்போது "இது எதுக்குடா?" என்று கேட்டிருப்போம். இதுக்குத்தான்.

4. விழுந்தபோது

கூட்டாளியின் தரம் நல்ல காலத்தில் தெரியாது. விழும்போதுதான் தெரியும்.

2003-இல் இரண்டாவது செயற்கைக்கோளின் முறை. அதைப் பொருத்திச் சோதிக்கும் வேலை பிரேசிலிலேயே, சாவோ பாவ்லோ மாநிலத்தில் உள்ள இன்பேயின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் தேதி பிரேசிலுக்கு ஒரு பேரிடி. அல்காந்தரா ஏவுதளத்தில் நிறுத்தி வைத்திருந்த அவர்களின் சொந்த ராக்கெட் தரையிலேயே தீப்பிடித்து வெடித்தது. 21 பேர் இறந்தார்கள். பல ஆண்டுகள் உழைத்த பொறியாளர்களும் தொழில்நுட்பர்களும் ஒரே நாளில் போய்விட்டார்கள்.

அடுத்த இரண்டு மாதத்தில், அக்டோபர் 21 அன்று, சிபர்ஸ்-2 சீன ராக்கெட்டில் வெற்றிகரமாகப் போனது. எல்லாவற்றையும் தனியாகத்தான் செய்வேன் என்று பிரேசில் அடம்பிடித்திருந்தால், அந்த ஆண்டு அதன் கையில் ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

இதற்கு முன்பே, 2002-இல், இரு நாடுகளும் அடுத்த இரண்டு செயற்கைக்கோள்களுக்கு வேறு ஒப்பந்தம் போட்டிருந்தன. இந்த முறை ஆளுக்குப் பாதி. முப்பது விழுக்காட்டுக் கூட்டாளி சரிபாதிக் கூட்டாளி ஆனார். யாரும் இரக்கப்பட்டுத் தந்த இடமில்லை அது. வேலை கற்றுக்கொண்டதால் வந்த இடம்.

பங்கு கூடினால் சுமையும் கூடும். சிபர்ஸ்-3-க்கான கேமரா ஒன்றைப் பிரேசில் நிறுவனம் முதன்முறையாக உள்நாட்டிலேயே செய்தது. சில மின்னணுப் பாகங்களை வாங்க முடியாதபடி அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் குறுக்கே நின்றன. தாமதத்துக்கு மேல் தாமதம். இடையில் 2007-இல் ஏவிய சிபர்ஸ்-2பி 2010-இல் ஓய்ந்துவிட்டது. கைவசம் ஒன்றும் இல்லை.

கடைசியில் 2013 டிசம்பர் 9 அன்று சிபர்ஸ்-3 கிளம்பியது. ராக்கெட்டின் மூன்றாம் கட்டம் சில விநாடிகள் முன்னதாகவே நின்றுவிட்டது. வேகம் போதவில்லை. இத்தனை ஆண்டு உழைப்பும் பூமிக்கே திரும்பி விழுந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தவறியது சீனாவின் ராக்கெட். பாதிப் பணம் பிரேசிலுடையது. சண்டை போட்டுப் பிரிவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள்? 2015 கடைசியில் ஏவ வேண்டிய சிபர்ஸ்-4-ஐ ஓர் ஆண்டு முன்னதாகவே முடிப்பது என்று முடிவு செய்தார்கள். 2014 டிசம்பர் 7 அன்று, விழுந்து சரியாக ஓராண்டுகூட ஆகாத நிலையில், அது மேலே போய் நின்றது. இரண்டு கேமரா பிரேசிலுடையது, இரண்டு சீனாவுடையது.

நம்மில் எத்தனை குழுக்கள் ஒரு நிகழ்ச்சி சொதப்பியதும் "உன்னாலதான்" என்று ஆரம்பித்துக் கலைந்து போயிருக்கின்றன? நானும் அப்படி ஒரு குழுவில் இருந்தவன்தான். அதனால்தான் அந்தப் பன்னிரண்டு மாதம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

5. படத்தைப் பூட்டி வைக்கவில்லை

கஷ்டப்பட்டுச் செய்த பொருளை விற்றுக் காசு பார்க்கலாம். லேண்ட்சாட்-7 படம் ஒன்றுக்கு அப்போது அமெரிக்கா வாங்கிய விலை 600 டாலர். ஒரு பல்கலைக்கழக மாணவன் ஆய்வுக்குப் பத்துப் படம் வாங்குவது என்றால் யோசித்துப் பாருங்கள்.

2004-இல் பிரேசில் ஒரு முடிவெடுத்தது. தன்னிடம் வரும் சிபர்ஸ் படங்களை இணையத்தில் தன் மக்களுக்கு இலவசமாகத் தருவது என்பதே அது. விவசாய அலுவலர், பள்ளி ஆசிரியர், மாணவர் என்று யார் கேட்டாலும் கிடைத்தது. லட்சக்கணக்கான படங்கள் இப்படிப் போய்ச் சேர்ந்தன. பிறகு அண்டை நாடுகளுக்கும் திறந்துவிட்டார்கள். 2007 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்த மாநாட்டில், ஆப்பிரிக்க நாடுகளுக்கும் இலவசமாகத் தருவதாகச் சீனாவும் பிரேசிலும் அறிவித்தன. லேண்ட்சாட் படங்கள் அனைவருக்கும் இலவசம் என்று அமெரிக்கா அறிவித்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் கல்வி என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். செயற்கைக்கோள் படமும் அப்படித்தான். ஒருவர் எடுத்துக்கொண்டால் இன்னொருவருக்குக் குறைவதில்லை.

6. கண் மட்டும் போதுமா?

இங்கே உண்மையைச் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் மரத்தைக் காப்பாற்றாது. அது பார்க்கும், அவ்வளவுதான்.

2004-இல் பிரேசில் அமேசானில் ஒரே ஆண்டில் 27,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் காடு அழிந்தது. அது நம் பேராக் மாநிலத்தைவிடப் பெரிய பரப்பு. அந்த ஆண்டில்தான் இன்பே ஓர் எச்சரிக்கை முறையைத் தொடங்கியது. புதிதாகக் காடு வெட்டப்படும் இடத்தைப் படத்தில் கண்டுபிடித்து, உடனே சுற்றுச்சூழல் அதிகாரிகளுக்குச் சொல்வார்கள். அவர்கள் நேரில் போய்ப் பிடிப்பார்கள். முதலில் அமெரிக்கக் கேமராவின் படங்களோடு தொடங்கிய வேலை இது. பிற்பாடு சிபர்ஸ்-4 படங்களும் இந்தியாவின் ரிசோர்ஸ்சாட் படங்களும் அதில் சேர்ந்தன.

அரசு சட்டத்தைக் கடுமையாக்கியது. காட்டை அழிப்பவர்களுக்கு வங்கிக் கடன் கிடைப்பதைக் கட்டுப்படுத்தியது. எல்லாம் சேர்ந்து, 2012-இல் அழிவு ஏறத்தாழ 4,600 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது.

பிறகு மறுபடியும் ஏறியது. 2019-இல் 10,000-ஐத் தாண்டியது. அந்த ஆண்டு இன்பே வெளியிட்ட எண்களை அதிபர் பொல்சனாரோ ஏற்கவில்லை. இன்பேயின் தலைவர் ரிக்கார்டோ கல்வாவ் எண்கள் சரியானவை என்று உறுதியாக நின்றார். ஆகஸ்டில் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள்.

ஆளை நீக்க முடிந்தது, எண்ணை நீக்க முடியவில்லை. ஏன்? படங்கள் பல ஆண்டாகப் பொதுவில் இருந்தன. யார் வேண்டுமானாலும் எடுத்து, கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். 2021-இல் 13,000-ஐத் தொட்ட அழிவு, 2024-இல் சுமார் 6,300-ஆக இறங்கியது. ஏறியதையும் இறங்கியதையும் அதே கண்தான் சொன்னது.

கண்ணைச் செய்வது பொறியாளர் வேலை. கண் சொல்வதை மறைக்காமல் இருப்பது மனிதர்களின் வேலை. இரண்டும் வேண்டும்.

7. ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மேலே ஒரு வித்தியாசத்தை மனதில் வைக்கச் சொன்னேன் இல்லையா? உள்ளே கைவைத்துச் செய்தால்தான் வித்தை கிடைக்கும் என்று. அது கிடைத்ததா என்று இப்போது பார்ப்போம்.

2021 பிப்ரவரி 28, ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னைக்கு வடக்கே, ஆந்திரக் கடலோரத்தில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டா. பி.எஸ்.எல்.வி.-சி51 ராக்கெட் கிளம்பியது. அதன் உச்சியில் இருந்தது அமேசோனியா-1. வடிவமைப்பு, பொருத்துதல், சோதனை என்று எல்லாவற்றையும் பிரேசிலே செய்த முதல் நிலப்பட செயற்கைக்கோள் அது. எடை 637 கிலோ. வேலை, பெயரிலேயே இருக்கிறது. சிபர்ஸில் முப்பது விழுக்காட்டிலிருந்து தொடங்கிய நாடு, இப்போது ஒன்றை முழுவதுமாகத் தானே செய்துவிட்டது. ஏவித் தந்தது இந்தியா. இந்த முறை அது கட்டணம் வாங்கிக்கொண்டு செய்த சேவை.

அதே ராக்கெட்டில் இன்னும் 18 சிறிய செயற்கைக்கோள்கள் போயின. சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் சதீஷ் தவான் சாட் அவற்றில் ஒன்று. பகவத் கீதையின் மின்பிரதி ஒன்றையும் அது சுமந்து சென்றது. ஸ்ரீபெரும்புதூர், கோயம்புத்தூர், நாக்பூர் ஆகிய ஊர்களின் கல்லூரிகள் செய்த மூன்று செயற்கைக்கோள்களும் அதில் இருந்தன.

இப்படி எத்தனையோ நாட்டுக்கு ஏவித் தரும் இந்தியா, தன் முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டாவை 1975-இல் சோவியத் ராக்கெட்டில்தான் ஏவியது. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் செய்த எக்ஸ்-சாட் 2011-இல் போனதும் இந்திய ராக்கெட்டில்தான். ஒரு காலத்தில் கை நீட்டியவர், இன்னொரு காலத்தில் கை கொடுப்பவர்.

இன்னொரு காட்சியும் உண்டு. 2019 டிசம்பர் 20 அன்று சிபர்ஸ்-4ஏ தையுவானிலிருந்து கிளம்பியபோது, அதே ராக்கெட்டில் சுமார் 70 கிலோ எடையுள்ள ஒரு சிறிய செயற்கைக்கோளும் போனது. அது எத்தியோப்பியாவின் முதல் செயற்கைக்கோள். செலவின் பெரும்பகுதியைச் சீனா ஏற்றுக்கொண்டது. எத்தியோப்பியப் பொறியாளர்களும் வேலையில் சேர்ந்து கற்றார்கள். தலைநகர் அடிஸ் அபாபாவை ஒட்டிய என்தோத்தோ மலையிலிருந்து அதை இயக்கினார்கள். 1988-இல் பிரேசில் எடுத்து வைத்த முதல் அடியை எத்தியோப்பியா இப்போதுதான் வைத்திருக்கிறது. உதவி வாங்கி ஆரம்பிப்பதில் தவறில்லை. அடுத்த முறை நம் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

8. நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம்

"நம்ம நாடு என்ன செஞ்சது?" என்று கேட்பீர்கள். மலேசியாவும் முயன்றது. டியூங்சாட்-1 2000-இல் போனது. 2009 ஜூலை 14 அன்று ரசாக்சாட் போனது. அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. துருவத்துக்குத் துருவம் சுற்றும் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே எப்போதாவதுதான் வரும். வரும் நேரத்தில் மேகம் மூடியிருந்தால் அவ்வளவுதான். ரசாக்சாட் நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றியதால் நாளுக்குப் பலமுறை வரும். மேகம் விலகும் நேரத்தைப் பிடித்துவிடலாம். ஆனால் அது ஓராண்டு அளவிலேயே செயலிழந்தது. அடுத்து வரவேண்டிய இரண்டாவது ரசாக்சாட் வரவே இல்லை.

சிபர்ஸோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எங்கே என்று தெரியும். அவர்களும் விழுந்தார்கள். ஆனால் அடுத்ததை ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்றும் நிற்கவில்லை. 2023 ஏப்ரலில் சிபர்ஸ்-6-க்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அது ரேடாரால் பார்க்கும். மேகமோ இருட்டோ அதற்குத் தடையில்லை. மழைக்காடும் மேகமும் நமக்கும் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்தப் பாடத்தை முடிக்கும்போது நாம் எடுத்துப் போக வேண்டியது ஒன்றுதான். சின்னவர் பெரியவரோடு கூட்டுச் சேர்வதற்கு, பெரியவர் அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டியதில்லை. தன்னால் செய்ய முடிந்த ஒரு பகுதியை உண்மையாகச் செய்யத் தெரிந்திருந்தால் போதும். பிரேசில் ராக்கெட்டோடு வரவில்லை. படம் படிக்கத் தெரிந்த மனிதர்களோடு வந்தது. அந்த மனிதர்கள் 1973-லிருந்து பொறுமையாக உருவானவர்கள்.

அந்த வயதில்தான் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். எஸ்.பி.எம். முடித்தவர்கள், கல்லூரியில் இருப்பவர்கள், வேலைக்குப் போக ஆரம்பித்தவர்கள், எல்லாருக்கும்தான் சொல்கிறேன். கணிதம், இயற்பியல், புவியியல், கணினி நிரல் எழுதுவது, இவற்றில் ஏதோ ஒன்று உங்கள் அரிசி மூட்டையாக இருக்கலாம். வெறுங்கையோடு பந்தியில் உட்கார்ந்தாலும் சாப்பாடு போடுவார்கள். ஆனால் அடுத்த அன்னதானம் எப்படி நடக்க வேண்டும் என்று நம்மைக் கேட்க மாட்டார்கள்.

குழுவில் பேசுங்கள்

1. பணம் கட்டி வாங்குவதற்கும் பங்கு போட்டுச் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? உங்கள் பள்ளியிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

2. சிபர்ஸ்-3 விழுந்த மறுநாள் நீங்கள் பிரேசில் பக்கத்துப் பொறியாளராக இருந்திருந்தால், சீன நண்பரிடம் முதலில் என்ன பேசியிருப்பீர்கள்?

3. படங்களை இலவசமாகத் தந்தது சரியா? பாதி பேர் "சரி" என்றும், பாதி பேர் "விற்றிருக்க வேண்டும்" என்றும் வாதாடிப் பாருங்கள்.

4. அதிகாரத்தில் இருப்பவருக்குப் பிடிக்காத ஓர் உண்மை உங்கள் கையில் இருக்கிறது. என்ன செய்வீர்கள்? கல்வாவ் செய்ததை வைத்துப் பேசுங்கள்.

வீட்டில் செய்ய

ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். ஒரு பக்கம் "என்னால் கொண்டுவர முடிந்தது", மறுபக்கம் "எனக்கு இன்னும் தெரியாதது" என்று எழுதுங்கள். பெருமைக்கு எழுத வேண்டாம், உள்ளதை எழுதுங்கள். அடுத்த வகுப்புக்கு அந்தத் தாளோடு வாருங்கள். உங்கள் தாளில் இருக்கும் குறை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தாளில் பலமாக இருக்கலாம். அங்கிருந்து நம் அடுத்த கூட்டு வேலையை ஆரம்பிப்போம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்